தேடுபெட்டிக்கும் இலக்கணம் வேண்டும்

தமிழில் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் இலக்கணத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். முதலில் தரவு திரட்டுவது, பிறகு எழுதுவது, கட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்தவர் யாரிடமாவது காட்டி ஒற்று பார்க்கச் சொல்வது. இந்த வரிசையில்தான் கோளாறு. தமிழில் சொல் அப்படியே நிற்பதில்லை. உருபு ஏற்கும், புணரும், திரியும். எப்படித் திரியும் என்று தெரியாதவர் கணினியில் எத்தனை மணி நேரம் தேடினாலும் பாதித் தரவு கைக்கு வராது.

சங்கப் பாடல்களில் மரம் பற்றிய குறிப்புகளைத் தொகுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1998 முதல் மின்னுரைகளை வெளியிட்டுவரும் மதுரைத் திட்டத்தின் கோப்பைத் திறந்து ‘மரம்’ என்று தட்டுகிறீர்கள். மரத்தை, மரத்தின், மரமும், மரக்கிளை என்று வேறு எந்த வடிவில் வந்திருந்தாலும் அகப்படாது. மகர ஈற்றுச் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது அத்துச் சாரியை பெறும். வல்லினத்தோடு புணரும்போது மகரம் கெட்டு ஒற்று மிகும். எனவே தேட வேண்டியது ‘மர’. குமரன், அமர், சமர் எல்லாம் கூடவே வரும், கையால்தான் கழிக்க வேண்டும். விட்டுப்போவதைவிட அது மேல். காடு, ஆறு போன்ற சொற்களில் உருபு ஏறும்போது டகரமும் றகரமும் இரட்டிக்கும். ஆகவே ‘காடு’ ஒரு முறை, ‘காட்ட’ ஒரு முறை என இரண்டு தேடல்கள். இரண்டாவதில் ‘காட்டினான்’ வந்து கலக்கும்.

மெய்யில் முடியும் சொல்லுக்கு ஒரு வழி உண்டு. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்துக்குப் பின்னால் தனிக் குறியீடாக நிற்கின்றன. ‘யாழ்’ என்று தேடினால் ‘யாழின்’ வராது. புள்ளியை நீக்கி ‘யாழ’ என்று தேடினால் இரண்டும் வரும். சில மென்பொருள்கள் முழு எழுத்தாகத்தான் ஒப்பிடும் என்பதால் தெரிந்த ஒரு வரியில் சோதித்துக்கொண்டு தொடங்குங்கள். ஔகாரம் இன்னொரு பள்ளம். பலர் ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்துகளைத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஔவையார் ஒருவர்தான், கணினிக்கு இருவர். இரண்டு விதமாகவும் தேடிவிட வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பென்றால் யூனிகோடுக்கு மாற்றாமல் எதுவும் கிடைக்காது.

ஆள்பெயருக்கும் இதே கவனம் வேண்டும். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. எல்லாம் ஒருவரே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளம், முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேரும் சோத்கங்கா ஆகியவற்றில் ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் தட்டிவிட்டு ‘இது குறித்து முன்னாய்வு இல்லை’ என்று எழுதுவது ஆபத்து. நேர்முகத் தேர்வில் புறத்தேர்வாளர் வைக்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அந்த வரியின் மேல்தான் விழும்.

கிடைத்த வரியை மின்னுரையிலிருந்து நேரே மேற்கோளாக ஒட்டக் கூடாது. அங்கே தட்டச்சுப் பிழை இருக்கலாம். தேடக் கணினி, சரிபார்க்க அச்சுப் பதிப்பு. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறுமாதலால் சங்கப் பாடலுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும் கொடுங்கள்: புறம். 192:1. அதோடு யாருடைய பதிப்பு, எத்தனையாம் பதிப்பு, எந்த ஆண்டு என்பதும் வேண்டும். புறநானூற்றை உ.வே.சா. முதலில் பதிப்பித்தது 1894இல். கையில் உள்ள மறுஅச்சின் ஆண்டை முதற்பதிப்பின் ஆண்டாக எழுதிவிட்டால் காலவரிசையே குலைந்துபோகும். ‘புறநானூற்றின் 400 பாடல்களையும் ஆராய்ந்தபோது’ என்ற தொடரும் வேண்டாம். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை.

பழைய நூலின் முகப்பில் ‘விகாரி வருஷம்’ என்று மட்டும் இருந்தால்? தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பும். விகாரி 2019–20இல் வந்தது. அதற்கு முன் 1959–60, 1899–1900. எது பொருந்தும் என்பதை ஆசிரியர் வாழ்ந்த காலம், அச்சகம், முன்னுரை இவற்றை வைத்து முடிவுசெய்யுங்கள். ஆண்டு சித்திரையில் பிறப்பதால் ‘விகாரி, தை’ என்றிருந்தால் இரண்டாவது ஆண்டைக் கொள்ள வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு கொடுத்திருந்தால் 31ஐக் கழியுங்கள்.

சொல்லின் பொருளுக்கு எந்த அகராதி என்பதையும் காலம்தான் தீர்மானிக்கும். நாற்றம் என்றால் சங்கப் பாடலில் மணம். இன்று கெட்ட வாடை. கிழவன் அன்று உரிமையுடையவன், தலைவன். பழைய பாடலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதில் தேடவும் முடியும். இன்றைய சிறுகதைக்கு 1992இல் முதற்பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி.

ஆய்வேட்டில் கவனிப்பாரற்றுக் கிடப்பவை பிறர் கருத்தைச் சொல்லும் வினைகள். பக்கத்துக்கு ஐந்து ‘குறிப்பிடுகிறார்’ வரும். அலுத்துப்போய் நடுவில் ஒரு ‘நிறுவுகிறார்’ போடுவார்கள். இவை ஒன்றுக்கொன்று மாற்றாகா. ‘குறிப்பிடுகிறார்’ என்றால் போகிற போக்கில் சொன்னார். ‘கருதுகிறார்’ என்றால் அது அவருடைய எண்ணம், சான்று வலுவாக இல்லை. ‘வாதிடுகிறார்’ என்றால் மறுப்பாளர்களும் இருக்கிறார்கள். ‘நிறுவுகிறார்’ என்றால் சான்று போதும் என்று நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள். அடுத்த இயலில் அதே கருத்தை மறுத்தால் உங்கள் ஆய்வேடே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இந்த வினைகளைச் சரியாக எழுதப் பழகினால் அரைவாசி இலக்கிய மீளாய்வு முடிந்த மாதிரி. ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டுள்ளதை அறிய முடிகிறது’ போன்ற தொடர்களையும் விடுங்கள். யார் ஆராய்ந்தார்? ‘இவர் 12 நாவல்களை ஆராய்ந்தார்’ என்றால் போதும்.

வினையை மட்டும் மாற்றிப் பிறர் பத்தியை ஒட்டுவது சுருக்கமாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40ஐத் தாண்டினால் திருத்தியதைத் தர ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

இனி, அதே தேடுபெட்டியை உங்கள் வரைவின் மேல் திருப்புங்கள். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஒவ்வொன்றையும் தேடி, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் ஒற்று மிகும். அடுத்தது ஐகாரத்தில் முடியும் சொற்கள். இங்கேதான் நிதானம் தேவை. ‘கவிதை தோன்றியது’ எழுவாய், மிகாது. ‘கவிதை படித்தார்’ என்பதில் உருபு மறைந்திருக்கிறது, மிகாது. ‘கவிதையைப் படித்தார்’ என்று உருபு வெளிப்பட்டால் மிகும். ‘கவிதைத் தொகுப்பு’ என்பதிலும் மிகும். ஒற்றுக்குப் பயந்தவர்கள் எல்லா இடத்திலும் போட்டுவைப்பார்கள். ‘எழுதியக் கட்டுரை’, ‘படித்தப் பையன்’ அப்படி வந்தவை. பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. வினையெச்சம் உகரத்தில் முடிந்தால் அதற்கு முந்தைய ஒற்றைப் பாருங்கள். வல்லினமென்றால் மிகும்: படித்துப் பார்த்தார், கேட்டுக் குறித்தார். மற்றவற்றில் மிகாது: வந்து போனார், செய்து காட்டினார்.

எண் மயக்கத்துக்குக் காரணம் தூரம். ‘இத்தொகுப்பில் உள்ள பாடல்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கின்றன’ என்று எழுதியவரின் காதில் ‘பாடல்கள்’ ஒலித்துக்கொண்டிருந்தது, எழுவாயோ ‘எண்ணிக்கை’. ‘ன்றன’, ‘உள்ளன’ என்று தேடி, ஒவ்வொன்றிலிருந்தும் பின்னோக்கிப் போய் எழுவாயைத் தொடுங்கள். ‘ஒவ்வொரு’ என்று தேடினால் ‘ஒவ்வொரு பாடல்களும்’ மாட்டும். அது ‘ஒவ்வொரு பாடலும்’.

உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’ வேண்டுமென்று ‘ஒரு ஆ’, ‘ஒரு இ’ எனத் தேடும்போது ‘ஒவ்வொரு ஆண்டும்’ சிக்காது. அதை ‘வொரு ஆ’ என்று தனியாகத் தேடி ‘ஒவ்வோர் ஆண்டும்’ ஆக்குங்கள். எதிலும் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். மேற்கோள் குறிக்குள் நாவலாசிரியர் எழுதிய ‘ஒரு ஆள்’ ‘ஓர் ஆள்’ ஆகிவிடும். அவர் எழுதாத சொல்லை அவர் பெயரில் அச்சிட்டுவிடுவீர்கள்.