சிமுலேஷன் ஓடும்போதே எட்டிப் பார்க்க

பல கணினிகளில் பிரித்து ஓட்டும் சிமுலேஷன் முடியும்வரை காத்திருந்து பிறகு முடிவுகளைப் படமாகப் பார்ப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, ஏனென்றால் நடுவில் எண்கள் எகிறிப்போயிருந்தால் (காற்றோட்டக் கணக்கில் இது சகஜம்) மிச்ச நேரமெல்லாம் தண்டம்.

அதனால்தான் பாராவியூ, சிமுலேஷன் தரவைப் படமாக்கிக் காட்டும் மென்பொருள். 2000-இல் கிட்வேர் நிறுவனமும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் சேர்ந்து தொடங்கியது, அடியில் விடிகே என்ற படம் வரையும் நிரல் நூலகம், காசு கிடையாது. பெரிய தரவு என்றால் அது கிளஸ்டரிலேயே (ஒன்றாக இணைத்த கணினிக் கூட்டம்) இருக்கும். அங்கே பாராவியூவின் சர்வர் பகுதியான பிவிசர்வர் ஓடும், அதன் ஒவ்வொரு பிராசஸும் (தனித்தனியாக ஓடும் நிரல் பிரதி) தன் துண்டை மட்டும் வரையும், அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து முடிந்த படத்தை மட்டும் நம் லேப்டாப்புக்கு அனுப்பும். டெராபைட் கோப்பை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

பாராவியூவோடு சேர்ந்த கேட்டலிஸ்ட் என்ற நூலகம் இன்னும் ஒரு படி மேலே. சிமுலேஷன் நிரலுக்குள்ளேயே உட்கார்ந்து, டிஸ்க்கில் எழுதாமல், நினைவகத்தில் இருக்கும் தரவிலிருந்தே படம் எடுத்துவிடும், ஏனென்றால் பிராசஸர் வேகத்துக்கு டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடிவதில்லை. லைவாக இணைத்து, ஓட்டத்தை நிறுத்தியும் பார்க்கலாம்.

ஆனால் எந்தக் குறுக்குவெட்டு, எந்தக் கோணம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். முடிந்தபின் "அந்த மூலையையும் பார்த்திருக்கலாமே" என்றால் தரவே இருக்காது. எனக்கென்னவோ, சந்தேகமான கணக்கு என்றால் கொஞ்சம் முழுத்தரவும் இடையிடையே சேமிப்பதே சரி.