ஸ்லோவில் நிற்காத வண்டி

ஜூலை 3, வியாழன்
மலைப்பாதையின் எஸ் வளைவில் பைக் இன்றும் அணைந்துவிட்டது. முன்னால் சுமை லாரி, பின்னால் பஸ். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் இரண்டு முறை தடுமாறி நின்றது. சாரலில் நனைந்துகொண்டே ஏழெட்டு உதை. கழுதுருட்டியில் அத்தை வீடு போய்ச் சேர மணி ஒன்பதரை. என் மனைவி தூங்கிவிட்டாள். "இந்த மழையில் ஏன் மாப்பிள்ளை" என்றார் அத்தை. அவள் கால் வீங்கியிருந்தது. போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி
அவளுக்குக் கர்ப்பம் 36 வாரம் முடிந்தது.

ஜூலை 5, சனி
பட்டறையில் பிளக் மாற்றினார்கள், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், ஏர் ஸ்க்ரூவைத் திருகினார்கள். 650 ரூபாய். காலையில் நன்றாகத்தான் ஓடியது. புளியரை தாண்டி எஞ்சின் சூடானதும் பழைய கதை. கையை எடுத்த பிறகும் தானாக ரேஸ் ஆகி நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிற்கிறது, பிறகு மெதுவாக இறங்கி, இறங்கி, அணைகிறது. திரும்பிப் போய்ச் சொன்னேன். ஸ்லோவை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, கூட்டி வைத்தார். "இனி அணையாது" என்றார். அது வைத்தியம் இல்லை, நோயாளியின் வாயைப் பொத்துவது. அங்கே இனிப் போகமாட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு
ஸ்கேன் ரிப்போர்ட், அட்டை, ஆதார் நகல், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வண்டிப் பெட்டியில் வைத்தேன். மழையில் நனையுமே என்று எடுத்துவிட்டேன். மறுபடியும் வைத்தேன், பிளாஸ்டிக் உறையில்.

ஜூலை 8, செவ்வாய்
தூக்கம் வரவில்லை. பத்து மணிக்கு மேல் திண்ணையில் விளக்கைப் போட்டு வண்டியோடு உட்கார்ந்தேன்.

யோசித்துப் பார்த்தால் நோயை வண்டியே சொல்கிறது. ஏற்றத்தில் குறை இல்லை. வேகத்தில் குறை இல்லை. நிற்கும்போதுதான் நிற்கிறது. ஆக்சிலேட்டரை மூடினால் கார்புரேட்டரின் வாய் ஏறக்குறைய அடைபடும், பிஸ்டனோ இழுத்துக்கொண்டே இருக்கும். கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இன்லெட் குழாய்க்குள் வெற்றிடம் மிகக் கடுமையாக இருப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் ஊசித் துளை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது கணக்கு, எடையில். ஸ்லோவில் எஞ்சின் குடிப்பதே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்றும் சேர்ந்தால் கணக்கு எங்கே நிற்கும்? ஆக்சிலேட்டரைத் திறந்துவிட்டால் வருகிற பெருங்காற்றில் இந்தத் திருட்டு தெரியாது. ஆகவே ஏற்றத்தில் சிங்கம், வளைவில் பிணம்.

பிளக்கைக் கழற்றினேன். மூன்று நாள் பிளக், அதற்குள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. காப்பிப் பழுப்பில் இருக்க வேண்டியது. வண்டியைச் சூடாக்கி, தடுமாறத் தொடங்கியதும் சோக்கைப் பாதி இழுத்தேன். உடனே சீரானது. பெட்ரோல் கூடினால் சரியாகிறது என்றால் காற்று கூடியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? கார்புரேட்டரை இவ்வளவு நாள் வீணாகக் குற்றம் சொன்னேன்.

மணி ஒன்றே கால். போனில் சார்ஜ் 90.

ஜூலை 9, புதன்
போன் வரவில்லை. நல்லதுதான்.

ஜூலை 10, வியாழன்
கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்த்தால் சீக்கிரம் தெரியும். ஆனால் சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், எனக்கு இப்போது அந்தத் துணிச்சல் வேண்டாம். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியை எடுத்துக்கொண்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்து இன்லெட் ரப்பரின் மேல், கிளிப்பின் மேல், குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒவ்வொன்றாகத் தெளித்தேன். எங்கே தண்ணீரை உறிஞ்சுகிறதோ அங்கே சத்தம் மாற வேண்டும். மாறவில்லை.

பிறகுதான் அந்தச் சின்ன டியூப் கண்ணில் பட்டது. இன்லெட் குழாயின் பக்கத்து மூக்கிலிருந்து கிளம்பி டேங்குக்கு அடியில் ஓடி, சைலன்சருக்குக் காற்று விடும் வால்வுக்குப் போகிறது. நோஸ் பிளையரில் துணியைச் சுற்றி டியூபை நெரித்தேன். எஞ்சின் சட்டென்று அடங்கியது. விட்டேன், தடுமாறியது. நெரித்தேன், அடங்கியது. ஐந்து முறை செய்து பார்த்தேன். அம்மா கதவைத் திறந்து, "போன் வந்ததா?" என்றாள். இல்லை அம்மா, டியூப் கிடைத்துவிட்டது என்றேன்.

கழற்றிப் பார்த்தால் மூக்கில் மாட்டும் முனை நீளவாக்கில் வெடித்திருக்கிறது. 2006 மாடல் வண்டி. ரப்பர் கருவாடுபோல் விறைத்துவிட்டது. இறக்கத்தில் சைலன்சர் பட் பட் என்று வெடித்ததற்கும் இதுதான் காரணம். ஆக்சிலேட்டரை மூடும்போது வரும் வெற்றிடம்தான் அந்த வால்வை இழுத்து மூட வேண்டும். டியூப் ஓட்டையானால் வால்வு மூடாது, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் காற்றைச் சந்தித்து வெடிக்கும்.

ஜூலை 11, வெள்ளி
37 வாரம். தென்காசியில் புது டியூப், ஒரு அடி, இரண்டு கிளிப். உள்ளே நூல் பின்னிய தடித்த டியூப்பாகப் பார்த்து வாங்கினேன். மெல்லியது உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும்.

ஜூலை 13, ஞாயிறு
கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு தாண்டி, ஒரு முறைகூட அணையவில்லை. பதிமூன்று கண் பாலத்தின் கீழ் வேண்டுமென்றே நிறுத்தி ஸ்லோவில் விட்டுக் கேட்டேன். அருமை. அவளை வாசலுக்கு அழைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். "நன்றாக இருக்கிறது, மேலே வந்து உட்காருங்கள்" என்றாள். மாலைவரை உட்கார்ந்திருந்தேன். குழந்தை உதைத்தது, இடப்பக்கம்.

ஜூலை 14, திங்கள்
பிறப்புப் பதிவு பிறந்த ஊரில்தான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். புனலூரில் பிறந்தால் கேரளச் சான்றிதழ். இதற்கு ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தாத்தா பிறந்தது இதே செங்கோட்டைத் தெருவில், திருவிதாங்கூர்ப் பிரஜையாக. 1956 நவம்பர் 1 அன்று வீட்டைவிட்டு நகராமலே சென்னை மாநிலத்துக்காரர் ஆனார்.

ஜூலை 15, செவ்வாய்
மறுபடியும் அணைந்தது. புளியரை செக்போஸ்டில், வரிசையில். டியூப் புதிது, கிளிப் இறுக்கம், எல்லாம் சரி. அழுகை வந்தது. வீட்டிலிருந்து புனலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

ஜூலை 16, புதன்
ஆரியங்காவில் ரப்பர் தோட்டத்துக்கு எதிரே ஒரு வயதான மெக்கானிக், எல்லாரும் ஆசான் என்கிறார்கள். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். வண்டியை அணைக்கவிடாமல் இருபது நிமிடம் ஓடவிட்டார். இன்லெட் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் தண்ணீர் விட்டார். நான் விட்டுப் பார்த்த அதே இடம். சத்தம் குப்பென்று இறங்கியது. "எயர் வலிக்குந்நு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சொல் இப்போது என் காதில் வேறு விதமாகத்தான் விழுகிறது. அவர் பேசும் மலையாளத்தில் இழுப்பது என்று தெரியும், பிறந்ததிலிருந்து கேட்கிற பாஷை. இருந்தாலும்.

குளிர்ந்த எஞ்சினில் சோதித்தது என் தவறு. சூட்டில்தான் அந்த இடுக்கு விரிகிறது. குழாயைக் கழற்றி அதன் முகத்தைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்துக் காட்டினார். நடுவில் கூன், தாள் நுழைகிறது. யாரோ போல்ட்டை ஒரு பக்கமாக இறுக்கி இறுக்கி வளைத்திருக்கிறார்கள். இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் நசுங்கிச் சப்பையாகிவிட்டது. கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து எட்டு வடிவத்தில் தேய்த்தார், ஒரு மணி நேரம். புது ஓ-ரிங். இரண்டு போல்ட்டையும் மாறி மாறி, கால் சுற்று, கால் சுற்று. என்னிடம் 200 ரூபாய்தான் வாங்கினார். எதற்காக அவசரம் என்று கேட்டார், சொன்னேன். ஸ்லோவை அவரே 1400-இல் வைத்தார்.

ஜூலை 17, வியாழன்
ஆடி பிறந்தது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 18, வெள்ளி
38.

ஜூலை 19, சனி
இரவு முற்றத்தில் அரை மணி நேரம் ஸ்லோவில் ஓடவிட்டேன். முள் 1400-ஐவிட்டு அசையவில்லை. ஹெட்லைட் போட்டேன், அசையவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். பிளக் பழுப்பாகத் தொடங்கியிருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு
டேங்க் நிரப்பினேன். பை வண்டியில். ரெயின்கோட் சீட்டின்மேல். போன் தலையணைக்குக் கீழே, சத்தம் முழுவதும் கூட்டி.

ஜூலை 21, திங்கள், 2.10
அத்தை. வலி எடுத்துவிட்டது, ஜீப்பில் ஏற்றுகிறார்கள். மழை இல்லை. ஒரே உதை. வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது, சட்டையைத் தேடு