அத்தை வீட்டு வேர்: பெல்ஃபாஸ்ட் நாட்குறிப்பு

3 பிப்ரவரி 2025

ராத்திரி சாப்பாடு முடிந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "தோல் பண்ணித்தான் ஆகணும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார் அத்தை. "தோல்" என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் பொறுத்துக்கொள்வது. நாம் வலி தாளவில்லை என்கிறோமே, அந்தத் "தாள்" சட்டென்று நினைவுக்கு வந்தது. ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான். இருந்தாலும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அத்தை என்றால் என் மாமியார். அவர் பிறந்தது வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில், பாலிகேரி பக்கம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தாழ்நிலங்களிலிருந்து கடல் தாண்டி வந்து அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் குடியேறியவர்களின் வழிவந்த குடும்பம். அவர்கள் பேச்சுதான் அல்ஸ்டர்-ஸ்காட்ஸ். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொற்கள் வாயில் வந்தால் பிரம்படி விழுமாம். "அது கெட்ட இங்கிலீஷ்" என்பாராம் ஆசிரியை. 78 வயதிலும் வெளியாட்கள் வந்தால் அத்தை பாதிச் சொல்லை விழுங்கிவிடுகிறார். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் குடும்பத்தைத் தேடி எழுதி வைப்பது என்று இன்று முடிவு செய்தேன்.

5 பிப்ரவரி

1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. ஊரின் உட்பிரிவு தெரிந்தால் போதும். அதை இங்கே டவுன்லேண்ட் என்கிறார்கள். அயர்லாந்து முழுக்க 60,000க்கும் மேல் இருக்கின்றன. அத்தைக்கு அவர்களுடைய டவுன்லேண்ட் பெயர் மனப்பாடம், அதனால் பத்தே நிமிடத்தில் கொள்ளுத் தாத்தா கிடைத்துவிட்டார்.

1901இல் வயது 58. 1911இல் 71. பத்து வருடத்தில் பதின்மூன்று வயது! காரணம் ஓய்வூதியமாக இருக்கும். 1909 ஜனவரியிலிருந்து 70 வயதானவர்களுக்கு அரசு பணம் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து முதியவர்கள் நிறையப் பேருக்கு வயது இப்படித் தாவியிருக்கிறது. பணத்துக்காகக் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று நானும் எண்ணிக்கொண்டேன்.

1911 தாளில் இன்னொரு கட்டம் உண்டு. திருமணமாகி 41 ஆண்டு. பிறந்த பிள்ளைகள் 9, உயிரோடு இருப்பவர்கள் 6. அந்த மூன்று பேரைப் பற்றி அத்தை கேள்விப்பட்டதே இல்லை.

11 பிப்ரவரி

பெல்ஃபாஸ்டின் டைட்டானிக் குவாட்டரில் இருக்கும் வட அயர்லாந்து பொது ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். ப்ரோனி என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். புகைப்பட அடையாள அட்டையைக் காட்டினால் பார்வையாளர் அட்டை தருகிறார்கள், கட்டணம் கிடையாது. பையை லாக்கரில் வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போக வேண்டும்.

1901க்கு முந்தைய கணக்கெடுப்புகளை எங்கே பார்க்கலாம் என்று முகப்பில் கேட்டேன். அங்கிருந்த அம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். 1821 முதல் 1851 வரையான தாள்களில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் நடந்த சண்டையில் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. 1861, 1871 தாள்களை அரசே அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது கூழாக்கப்பட்டன. கேட்கக் கேட்க வயிற்றைப் பிசைந்தது.

ஆகவே இங்கே குடும்பம் தேடுகிறவர்கள் வேறு எதற்கோ எழுதப்பட்ட பட்டியல்களில்தான் ஆளைத் தேட வேண்டும். அடுப்பு வரி, சர்ச் வரி, நிலக் குத்தகை, இப்படி. எனக்கு மிகவும் பிடித்தது 1796ஆம் ஆண்டுப் பட்டியல். லினன் நெசவை வளர்க்க, அதற்கு நார் தரும் ஆளிச்செடி பயிரிட்டவர்களுக்கு அரசு பரிசு கொடுத்தது. கால் ஏக்கருக்கு ஒரு ராட்டை, ஐந்து ஏக்கருக்கு ஒரு தறி. பரிசு வாங்கியவர்கள் சுமார் 60,000 பேர். அத்தையின் குடும்பப் பெயரில், அதே சர்ச் சபை வட்டாரத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் நம்மவர்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த ராட்டைகளை எண்ணிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

12 பிப்ரவரி

வீட்டிலிருந்தே நிலமதிப்புத் திருத்தப் புத்தகங்களைப் பார்த்தேன். 1864 முதல் 1933 வரை, பக்கம் பக்கமாகப் படமெடுத்து ப்ரோனி தளத்தில் வைத்திருக்கிறார்கள். குத்தகைக்காரர் மாறினால் அதிகாரி பழைய பெயரை அடித்துவிட்டு மேலே புதுப் பெயரை எழுதி, ஓரத்தில் வருடம் குறிப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிற மை. சிவப்பு, நீலம், பச்சை என்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கொள்ளுத் தாத்தாவின் பெயர்மேல் நீலக் கோடு, பக்கத்தில் 1914. அதற்கு மேலே மகன் பெயர். அது அத்தையின் தாத்தா. திரையை நெருங்கி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார் அத்தை. ஒன்றும் பேசவில்லை.

18 பிப்ரவரி

மறுபடியும் ப்ரோனி. பிரஸ்பிடீரியன் சர்ச் ஞானஸ்நானப் பதிவுகளின் நுண்படச் சுருள். கண் எரிய இரண்டு மணி நேரம் சுற்றினேன். கொள்ளுத் தாத்தாவின் ஞானஸ்நானம் 1840! பெரியவர் 1911இல் சொன்ன 71தான் சரி, 1901இல் சொன்னதுதான் தப்பு. ஏமாற்றியிருப்பார் என்று நினைத்ததற்காக அவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

2 மார்ச்

அத்தையை பாலிகேரிக்கு அழைத்துப் போனோம். டெம்பிள்கோரன் கல்லறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் ஓர் (James Orr) என்ற கவிஞரின் கல்லறை இருக்கிறது. 1770இல் பிறந்த நெசவாளி. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் ஆண்ட்ரிம் சண்டைக்குப் போய், தோற்று, அமெரிக்காவுக்குத் தப்பி, பிறகு ஊர் திரும்பியவர். தறியில் உட்கார்ந்தவர் இதே ஊர்ப் பேச்சில் கவிதை எழுதினார். பிரம்படி வாங்கித் தந்த அதே சொற்கள்! இதை யாராவது பள்ளியில் அத்தைக்குச் சொல்லியிருக்கலாம்.

திரும்பும் வழியில் ஜேம்ஸ் ஃபென்டன் 1995இல் தொகுத்த ஆண்ட்ரிம் வட்டார அகராதியைக் காரில் வாசித்தேன். நான் சொல்லைச் சொல்ல, அத்தை பொருள் சொன்னார். "ஆக்ஸ்டர்" அக்குள். "ஹர்ப்பிள்" நொண்டி நடப்பது. "த்ரான்" என்றதும் என் கணவரைக் கையால் காட்டினார். பிடிவாதக்காரன் என்று பொருள். அதுவரை வாயைத் திறக்காமல் ஓட்டிக்கொண்டிருந்த இவரும் அப்புறம் ஏழெட்டுச் சொல் சொன்னார். இத்தனை வருடத்தில் அவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

9 மார்ச்

அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன் கிடைத்துவிட்டான்.

1864 முதல் பிறப்பு, இறப்பு எல்லாம் பதிவாகியிருக்கிறது. 1921 வரை வடக்கு மாவட்டங்களின் பழைய பதிவுகளும் அயர்லாந்து அரசின் குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசம். அத்தையின் தாத்தா பிறந்த 1879ஆம் ஆண்டுப் பதிவைத் தேடினால், அதே பெற்றோர், அதே பெயர், 1871 என்று இன்னொரு பதிவு. பிழை என்றுதான் நினைத்தேன். பிறகு 1877இல் ஓர் இறப்புப் பதிவு: ஆறு வயது, ஸ்கார்லட் காய்ச்சல்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைமகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பாட்டன் பெயரை எடுப்பதால்தான் நம்மிடமும் பேரன் என்ற சொல்லே வந்தது, அதனால் எனக்கு உடனே பிடிபட்டது. பாட்டன் பெயர் அற்றுப்போகக் கூடாது என்று, இரண்டு வருடம் கழித்துப் பிறந்த தம்பிக்கு அதையே வைத்திருக்கிறார்கள்.

அத்தையிடம் சொன்னேன். "அப்போ என் தாத்தா தன் அண்ணன் பெயரோடுதான் வாழ்ந்தாரா?" என்று கேட்டு, குடும்பப் பைபிளை எடுத்து வரச் சொன்னார். முதல் பக்கத்தில் தாத்தா பெயருக்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருந்தது. பேனாவை வாங்கி அதே பெயரை இன்னொரு முறை எழுதி, 1871 – 1877 என்று போட்டார்.