மிஸ்டு கால் கொடுக்கும் சர்வர்

வைஃபை பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பதற்காக மட்டும் ஒரே வாரத்தில் நான்கு முறை சென்னிமலைக்குப் போய் வந்திருக்கிறேன். வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் எங்கள் ஆபீஸ் பெருந்துறையில் இருக்கிறது, பக்கம்தான். ஆனால் போன வீட்டில் சும்மா விடமாட்டார்கள். "சித்த உக்காருங்க தம்பி, காப்பி குடிச்சுட்டுப் போலாம்." பாஸ்வேர்டுக்கு 2 நிமிடம், காப்பிக்கு 20 நிமிடம். அதற்குள் வெள்ளோட்டிலிருந்து ஒருவர் "இன்னும் வரலீங்களே" என்று போன் அடிப்பார். அப்போது எங்களிடம் சுமார் 1,400 இணைப்புகள், லைனுக்குப் போக நான்கே பேர்.

இதற்கு மருந்து 2004-லேயே ஒரு ஆவணமாக வந்துவிட்டது. டிஆர்-069 என்பது அந்த ஆவணத்தின் எண். ரவுட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளை, அதாவது நெறிமுறையை, அதில்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணையே நெறிமுறையின் பெயராகச் சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டு ரவுட்டரின் செட்டிங்கை ஒரே இடத்தில் இருந்துகொண்டு பார்க்கலாம், மாற்றலாம். நடுவில் இருக்கும் சர்வருக்குப் பெயர் ஏசிஎஸ். காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு எங்கள் முதலாளிக்கு மனசில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜீனிஏசிஎஸ்-ஐ வாடகை கிளவுட் சர்வர் ஒன்றில் ஏற்றினேன்.

ரவுட்டருக்கு இந்த சர்வரின் முகவரி தெரிய வேண்டும். ரவுட்டருக்கு ஐபி எண்ணைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி ஓடும் இடத்தில், அதன் 43-ஆம் ஆப்ஷனில் முகவரியை வைத்து அனுப்பிவிடலாம். எங்களுடையது யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ, அந்த வழி இல்லை. புதுப் பெட்டிகளுக்கு ஆபீசிலேயே அடித்துக் கொடுத்தோம். பழசுக்கு? இனிமேல் வீடு வீடாகப் போகாமல் இருப்பதற்காக, ஒரு சுற்று வீடு வீடாகப் போனோம். அத்தனை வீட்டிலும் காப்பி.

முதல் பெட்டி திரையில் வந்தபோது கையில் ரிமோட் கிடைத்த மாதிரி இருந்தது. உடனே வைஃபை பெயரை மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்து, நான் வேறு வேலையில் இருக்கும்போது, தானாக மாறியது.

சர்வர்தான் ரவுட்டரைக் கூப்பிடும் என்று நினைத்தது என் தப்பு. இதில் எப்போதும் கூப்பிடுவது ரவுட்டர்தான். ஆன் ஆனதும் ஒரு முறை, அப்புறம் நாம் வைக்கும் கணக்குப்படி அவ்வப்போது, "நான் இருக்கேன், ஏதாவது சொல்லணுமா?" என்று இன்ஃபார்ம் அனுப்பும். நான் 300 வினாடி வைத்திருந்தேன். சர்வருக்கு அவசரம் என்றால் ரவுட்டரின் 7547 போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள கதவைத் தட்டலாம், அவ்வளவுதான். அது மிஸ்டு கால். ரவுட்டர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டால்தான் பேச்சே நடக்கும். எங்கள் பெட்டிகள் எல்லாம் சிஜி-நாட் (CG-NAT) என்னும், பல வீடுகள் ஒரே வெளி ஐபி எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு உள்ளே. கிளவுடிலிருந்து போகும் மிஸ்டு கால் அவற்றுக்குக் கேட்கவே கேட்காது.

சர்வரை ஆபீசுக்கே கொண்டுவந்து, எங்கள் நெட்வொர்க்கின் உள்ளே வைத்தோம். நல்ல வேளை, ரவுட்டர்களில் ஐபி எண்ணைப் போடாமல் பெயரைப் போட்டிருந்தேன். பெயருக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ்-இல் ஒரு வரி மாற்றியதோடு வேலை முடிந்தது. எண்ணைப் போட்டிருந்தால் இன்னொரு சுற்றுக் காப்பி. 7547-ஐ எங்கள் சர்வரைத் தவிர வேறு யாரும் தட்ட முடியாதபடி அடைத்தும் வைத்தோம். 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் திணறியது இந்தப் போர்ட் வழியாக வந்த தாக்குதலில்தான்.

அடுத்த அடி கரண்டில் வந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்துவார்கள், பொழுதோட விடுவார்கள். தறிகள் நின்றுவிட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் காதில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். திரும்பச் சடக் சடக்கென்று ஓட ஆரம்பிக்கும் அதே நொடியில் எல்லா வீட்டுப் பெட்டிகளும் எழுந்துகொள்ளும். அப்படி ஒரு நாள் சாயங்காலம் நூற்றுக்கணக்கான ரவுட்டர்கள் சேர்ந்தாற்போல சர்வரைக் கூப்பிட்டன. டேட்டாபேஸ் திணறி, திரையே திறக்கவில்லை. கல்யாண வீட்டில் மொதப் பந்திக்கு மண்டபமே ஓடுமே, அந்தக் கூட்டம்.

சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். இன்னும் கெட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் சரியானது. காரணம் நெறிமுறையிலேயே இருக்கிறது. இடம் கிடைக்காத ரவுட்டர் முதலில் 5 முதல் 10 வினாடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் திரும்ப வரும். அப்போதும் முடியாவிட்டால் 10 முதல் 20, அப்புறம் 20 முதல் 40 என்று ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிக்கும். பத்தாவது முறை போனால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவில் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்தை நெருங்கும். அடுத்த பந்திக்கு அதுவே ஒதுங்கி நிற்கிறது. எங்கள் ஆட்களிடம்கூட அவ்வளவு பொறுமை கிடையாது.

கூட்டத்தைவிடப் பெரிய குற்றம் என்னுடையது. ரவுட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் அதிலுள்ள எல்லா விவரத்தையும் அடியிலிருந்து நுனிவரை படிக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. கிடைக்கிறதே என்று கேட்டேன். ஆப்டிகல் பவர், பிபிபிஓஇ நிலை, வைஃபை சேனல் இவை போதும் என்று குறைத்தேன். ஆன் ஆகும்போது மட்டும்தான் குறைத்தேன். ராத்திரியில் ஒரு முறை எல்லாவற்றையும் படிக்கும் வேலை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அதில் இருந்த தப்பை எனக்குக் காட்டியது சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் பார்க்கும் ஒரு அக்கா. பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி போன் செய்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆபீசிலிருந்து மாற்றிவிட்டேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏனுங் தம்பி, ஊட்டுக்கே வராம மாத்திப்போட்டீங்க. அப்ப எங்கூட்டுல யாராரு போனு ஓடுதுன்னும் அங்கிருந்தே தெரியுமுங்களா?"

என் திரையில் அந்த வீட்டின் பட்டியல் திறந்தே இருந்தது. ஒரு டிவி, மூன்று போன். ஒரு போனில் பையனின் பெயர், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்பதுவரை.

"தெரியுமுங்க்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

"அது எதுக்குங் தம்பி உங்களுக்கு?"

அன்றைக்கே ராத்திரி வேலையிலிருந்து இந்தப் பட்டியலைப் படிக்கும் கிளையை வெட்டி, ஏற்கெனவே சேர்ந்து கிடந்ததையும் அழித்தேன். எங்கள் பசங்களுக்கு இதில் வருத்தம்தான். நெட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போன மாதம் அந்த அக்காவே கூப்பிட்டார். எத்தனை போன் கனெக்ட் ஆகியிருக்கிறது என்று கேட்டேன்.

"இருங் தம்பி, எண்ணிச் சொல்றேன். என்ற போனு, மாமா போனு, பையன்து, டிவி... அட, நாத்தனா ஊட்டு ஒறம்பரை அஞ்சு பேரு வந்திருக்கறாங்க, எல்லாரும் வீடியோதான் பாக்கறாங்க."