பாதுகாப்புக் கட்டளை: முதல் முறைப்பாட்டிலிருந்து பிரதி கைக்கு வரும்வரை

முறைப்பாட்டுப் புத்தகத்தில் "சண்டை" என்ற சொல் விழ விடாதீர்கள். வீட்டுக்குள் அடி வாங்கிய பெண்களோடு பொலிசுக்கும் கோட்டுக்கும் கூடப் போய்வரும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். பாதுகாப்புக் கட்டளை என்பது, அடிக்கிறவர் என்னென்ன செய்யக்கூடாது என்று நீதவான் நீதிமன்றம் போடும் தடை; அதற்கான முதல் படி இந்த முறைப்பாடு. "கணவர் குடித்துவிட்டு வந்து சண்டை பிடித்தார்" என்று எழுதினால் அது இரண்டு பேரின் பிணக்கு ஆகிவிடும். அடுத்த நாள் இருவரையும் கூப்பிட்டுப் புத்தி சொல்லி, கையெழுத்து வாங்கி, அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுத வேண்டியது இப்படி: "இம்மாதம் 3ஆம் திகதி இரவு 9 மணியளவில் குசினியில் வைத்துக் கணவர் இரண்டு கையாலும் என் கழுத்தை நெரித்தார். கத்த முடியவில்லை. மூத்த மகன் பார்த்தான். பக்கத்து வளவு அக்கா ஓடி வந்த பிறகுதான் விட்டார். இதற்கு முன் தைப்பொங்கலுக்கு முதல் நாள் தும்புத்தடியால் முதுகில் அடித்தார்." யார், எதால், எங்கே, எப்போது, யார் கண்டது என்பவை எல்லாம் அதில் இருக்கின்றன. திகதி ஞாபகம் இல்லையென்றால் நல்லூர்க் கொடியேற்றம், பிள்ளையின் சோதனை, வெள்ளம் நின்ற கிழமை என்று ஒன்றைப் பிடித்துப் பின்னால் போங்கள், வந்துவிடும். பொலிசுக்குப் போவதற்கு முதலே ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், அங்கே பதற்றத்தில் ஒன்றும் விடுபடாது.

இலங்கையின் வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவில் பெண் உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேட்டால் பேச்சு இலகுவாகும். புறப்படும்போது திகதியும் பதிவு இலக்கமும் உள்ள துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கோட்டில் அந்த இலக்கம்தான் பேசும். "குடும்ப விசயம், இணக்கசபைக்குப் போங்கோ" என்றால், பாதுகாப்புக் கட்டளை கேட்க, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் அந்த இணக்கசபையின் சான்றிதழ் தேவையில்லை என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

கழுத்தை நெரித்திருந்தால், வெளியில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குரல் கம்முவது, விழுங்கும்போது நோவது, தலை சுற்றுவது எல்லாம் உள்ளே காயம் இருப்பதற்கான அறிகுறிகள். கழுத்தில் கை வைத்தவர் அடுத்த முறை உயிரை எடுக்கக்கூடும் என்பதைத் துறை சார்ந்தவர்கள் எல்லோரும் அறிவர். அதை "கோபத்தில் செய்தது" என்று கடந்துபோக மனம் ஒப்பவில்லை. பொலிஸ் தரும் மருத்துவச் சட்டப் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரியிடம் போனால் காயங்கள் பதிவாகும். காயம் தானாகப் பட்டதா, யாரும் ஏற்படுத்தியதா என்று டொக்டர் கேட்பார். மாமியார் பக்கத்தில் நின்றால் பலர் "வழுக்கி விழுந்தனான்" என்றுவிடுகிறார்கள். அந்த ஒரு வரி பிறகு வழக்கையே கவிழ்த்துவிடும். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

விண்ணப்பம் நீதவான் நீதிமன்றத்தில். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் இருக்கின்றன. நீங்கள் இருக்கும் இடம், அவர் இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் இவற்றில் எதற்குரிய நீதிமன்றத்திலும் போடலாம். தற்காலிகமாகத் தங்கும் இடமும் கணக்கு. சுன்னாகத்தில் அடி வாங்கித் தாய்வீடான கொடிகாமத்துக்கு வந்தவர் மல்லாகத்துக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை, சாவகச்சேரியிலேயே கேட்கலாம். நெடுந்தீவிலிருந்து வருகிறவர் படகு நேரத்தைப் பார்த்து முதல் நாளே குறிகட்டுவான் வந்து, தெரிந்த வீட்டில் தங்குவது நல்லது. வழக்குக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் தவணை தள்ளிப்போய்விடும். சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். கணவர் மட்டுமல்ல, முன்னாள் கணவர், சேர்ந்து வாழ்பவர், தகப்பன், சகோதரன், மகன், மாமன் என்று எவர்மீதும் கேட்கலாம். பெற்ற மகனிடம் அடி வாங்கும் தாய்மாருக்கு இது தெரிவதே இல்லை.

என்ன கேட்பது என்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். "அடிக்கக்கூடாது" என்று மட்டும் கேட்டு வருகிறார்கள். வீட்டுக்குள், வேலைத்தலத்துக்குள், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குள் வரக்கூடாது, பின்தொடரக்கூடாது, உதவி செய்கிற உறவினரைத் தொடக்கூடாது, ஆயுதம் இருந்தால் பொலிஸ் எடுக்க வேண்டும் என்றெல்லாம் கேட்க முடியும். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் சீதனமாக எழுதிய காணி உறுதியில் பெண்ணின் பேரில் இருக்கிறது. அப்படியிருந்தும் அவள்தான் பிள்ளைகளோடு படியிறங்குகிறாள்! யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும் என்பதைக் காட்டி, வீடே தன்னுடையது என்று வெருட்டுகிறார்கள். விற்பதற்கான சம்மதம் வேறு, உரித்து வேறு. உறுதியின் பிரதியை விண்ணப்பத்தோடு வையுங்கள்.

போனில் வந்த மிரட்டலை ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் அதில் நீங்கள் சேமித்த பெயர்தான் தெரியும். அந்தப் பெயரைத் தட்டி இலக்கம் தெரிகிற திரையையும் எடுங்கள். குரல் பதிவுகளை அழிக்காமல், இன்னொருவரின் போனுக்கும் அனுப்பிவையுங்கள்.

அவசரம் என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கும். விண்ணப்பித்து 14 நாளுக்குள் விசாரணை வைக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு நெஞ்சு பதறுவது இந்த நாட்களில்தான். நீதிமன்ற அறிவித்தல் அவர் கைக்குப் போகும் நாள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அன்றைக்கு இரவு எங்கே படுப்பது என்பதை விண்ணப்பம் போடுவதற்கு முதலே முடிவெடுத்திருக்க வேண்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, நகை அடைவு வைத்த சீட்டு, ஒரு கிழமைக்கு மருந்து எல்லாம் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான வேறு வீட்டில் இருக்கட்டும். பொலிஸ் அவசர இலக்கமான 119ம் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938ம் பிள்ளைக்கும் பாடமாக இருக்க வேண்டும். தங்க இடமில்லையென்றால் காப்பகத்தில் விடும்படியும் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

இடையில் பெரியவர்கள் வருவார்கள். "பெட்டைப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு கோடேறுறியே" என்பார்கள். விண்ணப்பத்தை மீளப்பெறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் பெறுகிறார்கள். குறை சொல்ல மாட்டோம். முதல் தவணைக்குத் தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

பாதுகாப்புக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதம். அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் மூன்று எடுங்கள்: ஒன்று உங்கள் கைப்பையில், ஒன்று நீங்களே கொண்டுபோய்ப் பொலிசில், ஒன்று பிள்ளையின் பள்ளிக்கூட அதிபரிடம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். வாசலில் நின்று கூப்பிட்டாலும், ஆள் அனுப்பினாலும், கட்டளையில் அது தடுக்கப்பட்டிருந்தால் மீறல்தான். அன்றே பதியுங்கள். பத்தாம் மாதத்திலேயே சட்டத்தரணியைப் பார்த்து, முடிகிற திகதிக்குப் பிறகு என்ன செய்வது என்று பேசிவிடுங்கள்.