சீன முகம், தமிழ் நாக்கு, ஒரு சூராட் பிரானாக் (பிறப்புப் பத்திரம்)

தீபாவளி நெருங்கினால் போதும், பத்திரிகையிலோ டிக்டாக்கிலோ அந்தப் படம் வந்துவிடும். சேலை கட்டிய சீன அக்கா முறுக்கு பிழிகிறார், "தமிழ் என்ன அழகு!" என்று கீழே ஒரு வரி. மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் இதற்கு யாரும் வாயைப் பிளப்பதில்லை. தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்க்க, தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த சீனப் பிள்ளை வேறு எதைப் பேசும்?

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்திலும் அதற்குப் பிறகும் வறுமையால் பிள்ளையைத் தமிழர்களிடம் கொடுத்த சீனர்கள் உண்டு. பிள்ளையின் ஜாதகம் பெற்றவர்களுக்கு ஆகாது என்று கொடுத்தவர்களும் உண்டு. பெரும்பாலும் பெண் பிள்ளைகள். எழுத்தில் எதுவும் இல்லை, அக்கம்பக்கத்துக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஊடகம் இப்படிப்பட்ட பிள்ளையை என்ன செய்யும் என்பதற்கு 1950 சாட்சி. டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து, மலாயாவின் கெமாமானில் அமினா என்ற மலாய்த் தாயிடம் வளர்ந்தவள் நத்ரா என்ற மரியா ஹெர்டோக். அவள் யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு நடந்தபோது அவளைக் கன்னிமாடத்தில் வைத்து எடுத்த படங்களைப் பத்திரிகைகள் போட்டன. டிசம்பர் 11-இல் சிங்கப்பூரில் கலவரம். 18 பேர் செத்தார்கள். அவளுக்கு வயது 13. எல்லாருக்கும் அவள் தூக்கிப் பிடிக்க ஒரு கொடி. இன்றைய முறுக்குப் படம் அவ்வளவு மோசமல்ல, ஆனாலும் இங்கேயும் முகம்தான் செய்தி.

உண்மையான சிக்கல் 12 வயதில் ஐசி என்ற அடையாள அட்டை எடுக்கப் போகும்போது வரும். தீபகற்ப மலேசியாவில் தத்தெடுக்க முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் 257. நீதிமன்றம் போக வேண்டும், சமூகநல இலாகாவுக்கு 3 மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும், அந்த 3 மாதமும் பிள்ளை உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும். ஆணை கிடைத்தால் பிள்ளைக்குச் சொத்துரிமையும் சேரும். இன்னொன்று தத்தெடுப்புப் பதிவுச் சட்டம் 253. 2 வருடம் வளர்த்த பிறகு ஜேபிஎன் என்ற தேசியப் பதிவு இலாகாவில் பதியலாம். செலவும் அலைச்சலும் குறைவு. பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் இதில் சொத்துரிமை வராது, உயில் தனியாக எழுத வேண்டும். தத்து முடிந்ததாலேயே குடியுரிமை வந்துவிடாது என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது, பெற்ற பிள்ளை என்று சொல்லி நேரே தங்கள் பெயரில் சூராட் பிரானாக் எடுப்பது. அன்பால் செய்வதுதான், ஆனால் சட்டத்தில் பொய் வாக்குமூலம். பின்னால் மரபணுச் சோதனை கேட்டால் அந்தப் பத்திரம் நிற்காது. குடியுரிமையும் ஆட்டம் காணும்.

பள்ளிப் பாரத்தில் 'பங்சா', அதாவது இனம் என்ற கட்டத்தை முகத்தைப் பார்த்து நிரப்பிவிடுவதுண்டு. அன்றே போய்த் திருத்துங்கள். முதலாம் வகுப்புக்கு முன்பே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்லாததைக் கேண்டீனில் சொல்ல ஆள் இருக்கிறது. "நீ சீனப்பிள்ளையே இல்லை" என்று சமாதானம் சொல்ல வேண்டாம், கண்ணாடி வேறு சொல்லும். மருத்துவர் பரம்பரை நோய் கேட்டால் உங்கள் அப்பாவின் இனிப்புநீரைச் சொல்லாதீர்கள். "எடுத்து வளர்த்த பிள்ளை, தெரியாது" என்பதே சரியான பதில்.

பிள்ளையைக் கொடுத்தவர்களின் குடும்பப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் சீன எழுத்திலேயே. ஐசியில் 'இங்' (Ng) என்று இருப்பது ஹொக்கியன்காரருக்கு ஒரு பெயர், கண்டனீஸ்காரருக்கு வேறு பெயர். முப்பது வருடம் கழித்து அக்காவைத் தேடிப் போகிறவளுக்கு அந்த ஓர் எழுத்துதான் முகவரி.