டிப் மாற்றுவது ஒரு முனையில், கவலை மறு முனையில்

பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலான கியூவுக்கு டிப், அதாவது நுனியில் ஒட்டியிருக்கும் தோல், மாற்றுவது பெரிய வேலை இல்லை. சிங்கப்பூரில் 30 வெள்ளியை ஒட்டி நல்ல அடுக்குத்தோல் டிப் கிடைத்துவிடும், ஒட்டுவதற்கு சூப்பர் குளூ போதும். ஆனால் டிப்பைக் கடைந்து சீராக்க லேத்தில் (கடைசல் இயந்திரம்) ஏற்றும்போது எல்லாருடைய கண்ணும் டிப் இருக்கும் முனையிலேயே இருக்கும். கெட்டுப்போவதோ மறு முனை. என் நண்பன் ஒருவன் தன் கியூவை ஒரு கடையில் கொடுத்து வாங்கினான். டிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து, டிப் இருக்கும் பாதியான ஷாஃப்ட்டைக் கைப்பிடிப் பாதியான பட்டோடு சேர்த்துத் திருகினால் பாதியிலேயே கிறீச்சென்று சத்தம், இரண்டும் சேரும் ஜாயின்ட்டில் மெல்லிய இடைவெளி வேறு. அதைப் பார்த்த பிறகு என் கியூவை யாரிடமும் கொடுத்துவிட்டு வர மனம் வரவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க விடுகிற ஆள் வேண்டும்.

அப்படி ஒருவர் கிடைத்தார். புதுக்கோட்டைக்காரர், ஐடிஐ படித்த டர்னர், துவாஸில் ஒரு கடைசல் பட்டறையில் கப்பல் உதிரிப்பாகங்கள் கடைகிறார். முதலாளியிடம் அனுமதி கேட்டு, ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். இரும்பில் அவருக்குத் தெரியாதது இல்லை. கியூவைத்தான் அன்றைக்கு முதல்முறையாகக் கையில் எடுத்தார்.

"இதுல மரை எங்க இருக்கு தம்பி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கியூ மொத்தம் 58 அங்குலம். பாதியில் பிரித்தால் ஷாஃப்ட் 29, பட் 29. பட்டில் ‘பின்’ எனப்படும் மரை வெட்டிய தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், ஷாஃப்ட்டில் அதற்கான உள்மரை இருக்கும். சில கியூக்களில் அந்த உள்மரை பித்தளையில் இருக்கும். என்னுடையது 3/8-10, அதாவது பின்னின் விட்டம் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 10 புரி. அந்த மரையை மேப்பிள் மரத்திலேயே நேரடியாக வெட்டியிருக்கிறார்கள். மரமும் மரமும் நேராக முட்டினால் அடி கைக்கு நன்றாகத் தெரியும் என்று இதை விரும்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் மரப் புரி ஒருமுறை சிதைந்தால் புரி வெட்டி மாற்ற முடியாது. துளைத்து, அடைத்து, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

அந்த அண்ணன் முதலில் சொன்ன யோசனை டர்னர் யாரும் சொல்லக்கூடியதே. ஒரு ராடில் இதே மரையை வெட்டி, அதை லேத்தின் சக்கில் (பொருளைக் கவ்விச் சுற்றும் பிடி) பிடித்து, ஷாஃப்ட்டை அதில் திருகி ஓட்டிவிடலாம் என்றார். பித்தளை மரையாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். லேத் முன்பக்கமாகச் சுற்றும்போது, டூல் கொடுக்கிற தடை ஷாஃப்ட்டை அந்த ராடில் மேலும் மேலும் இறுக்கும். டூல் கொஞ்சம் கடித்து நின்றாலும் அந்த அதிர்ச்சி முழுவதும் மரப் புரிமேல் விழும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் தலையாட்டிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. 5/16-14, 5/16-18 என்று வேறு பின்களும் புழக்கத்தில் உண்டு. இரண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், புரியின் நெருக்கம் வேறு. ஓரிரண்டு சுற்று உள்ளே போவதால் சரியானது என்று நினைத்துத் திருகினால் அத்தோடு முடிந்தது. ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை புரி என்று எண்ணிப் பார்ப்பதே வழி.

கடைசியில் ஷாஃப்ட்டை லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் துளை வழியாக விடுவது என்று முடிவானது. இரும்புப் பட்டறை லேத் என்பதால் துளை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, நடுநடுவே பொடிச் சீவல். ஒரு சீவல் மரைக்குள் போய், அதன்மேல் பின்னைத் திருகினால் என்ன ஆகும் என்று நண்பனின் கியூ ஏற்கெனவே சொல்லிவிட்டது. துணி சுற்றிய கம்பியால் துளையை நன்றாகத் துடைத்தோம். ஷாஃப்ட்டுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன கிளிங் ஃபிலிம் சுற்றினேன். அப்புறம் பின்பக்கத்திலிருந்து டிப் முனையை முன்னால் விட்டுச் செருகினோம். இப்படிச் செய்தால் மரை முனை துளைக்குள் பயணமே செய்வதில்லை. பின்னால், வெளியிலேயே நின்றுவிடுகிறது.

மரைக்கு மூடி வேண்டும். என்னிடம் இருந்த உலோகப் புரொடெக்டரை அண்ணன் கையில் எடை பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். காரணத்தை அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்பக்கம் மாட்டிய வலமரை மூடி, லேத் கிளம்பும்போது பின்தங்கித் தளரும். பிரேக் போட்டு நிறுத்தும்போது முன்னால் ஓடி இறுகும். எடை கூடக்கூட இறுக்கமும் கூடும், அதுவும் மரத்தில். ஆகவே நைலான் ராடில் ஒரு மூடி கடைந்தார். புரியைச் சற்று மெலிதாக வெட்டி, விரலால் திருகினாலே இலகுவாக இறங்கும்படி செய்தார். தலைக்கு அடியில் ஓர் ஓ-ரிங், மேலே ஒரு சுற்று மாஸ்கிங் டேப். அதன் வேலை தூசியைத் தடுப்பது மட்டும்தான். எந்தப் பாரமும் அதன்மேல் வரக்கூடாது.

பிடிப்பதற்கும் நைலான்தான். முன்னால் டிப்புக்கு அருகே, சக் தாடை மரத்தில் பதியாதபடி ஒரு பக்கம் கீறல் விட்ட புஷ் (உறை வளையம்). பின்னால் ஷாஃப்ட் ஆடாமல் நடுவில் நிற்க இன்னொரு புஷ். அதை ஜாயின்ட் வளையத்தின்மேல் உட்கார வைக்காமல், கொஞ்சம் உள்ளே தள்ளி மரத்தின்மேல் உட்கார வைத்தோம். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்து, டேப்பைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ததில்தான் நேரம் போனது. இடையில் கோப்பிக் கடைக்கு ஒரு நடை போய்வந்தோம்.

டிப் வேலை அதற்குப் பிறகு மளமளவென்று முடிந்தது. பழைய டிப்பைச் சீவி, டிப்புக்கு அடியில் இருக்கும் வளையமான ஃபெரூலின் முகத்தில் பழைய பசை போகும் அளவுக்கு மட்டும் தொட்டு, புதிய டிப்பை ஒட்டி, லேத்தின் எதிர்முனைத் தாங்கியான டெயில் ஸ்டாக்கால் மெதுவாக அழுத்தி வைத்தோம். காய்ந்ததும் புதிதாகத் தீட்டிய எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலால் ஓரத்தைக் கடைந்தார். தோலுக்குக் கார்பைடு முனையைவிட அதுதான் கூர்மை என்றார். ஃபெரூலுக்கு டேப் சுற்றியிருந்ததால் ஒரு கீறல் இல்லை.

ஷாஃப்ட்டை வெளியே எடுத்ததும் பழக்க தோஷத்தில் ஏர் கன்னை எடுத்தார், தடுத்துவிட்டேன். காற்று அடித்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துகள் உள்ளே போய் உட்காரும். மூடியைக் கழற்றுவதற்கு முன்பே சுற்றிலும் துடைத்து, மரை முனையைக் கீழே பார்க்கப் பிடித்தபடி கழற்றி, மெல்லிய பல் துலக்கும் பிரஷால் தட்டினேன். பட் பாதியை மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்பி, புரி ‘டக்’கென்று இறங்கும் இடம் தெரிந்த பிறகு முன்பக்கம் திருகினேன். கடைசி வரை இலகுவாகப் போய், முகமும் முகமும் முட்டி நின்றது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம், இடைவெளி இல்லை.

அடுத்த முறை நண்பனையும் கூட்டிப் போனேன். அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்து, மரைக்குள் சிக்கியிருந்த சீவலைப் பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்தார். கிறீச் சத்தம் நின்றது. இடைவெளி மட்டும் போகவில்லை, ஜாயின்ட் முகமே ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. முகத்தைக் கடைந்தால் கியூவின் நேர்கோடே மாறிவிடும், அதைக் கியூ செய்கிறவரிடம்தான் காட்ட வேண்டும் என்று சொல்லி, காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.